இல்லத்தைக் காப்பவளைக் காப்பது யார்?

வீட்டில் அனைவருக்கும் முன்னே எழுந்து, அனைவருக்கும் பின்னே உறங்கச் செல்பவர் யார்? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின், சட்டியில் எஞ்சியதை உண்பவர் யார்? குழந்தைக்குக் காய்ச்சலென்றால் உடனே மருத்துவரிடம் விரைந்து, தமக்குத் தலைசுற்றல் வந்தால் மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர் யார்? விடையை நாம் அனைவரும் அறிவோம். அன்னையின் தியாகம் என்று நாம் போற்றும் இவ்வழக்கத்திற்கு அன்னையர் தரும் விலை யாது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயதுடைய ஆண்களுள் நூற்றுக்கு 25 பேரே. தமிழகத்திலும் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இக்குறையுடையோரே. மாதவிலக்கும் மகப்பேறும் பெண்ணின் இரும்புச்சத்தைக் குறைக்கின்றன என்பது உண்மை. அப்படியாயின் அவளுக்கன்றோ கூடுதலாக ஊட்டவேண்டும்? நம் இல்லங்களிலோ அவள் பங்கே குறைகின்றது.

குணமா, குருதியா?

உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஹீமோகுளோபின். பெண்களுக்கு இது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பர். படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், காலையில் எழும்போதே களைப்பு மேலிடும். களைத்த உடலில் மனமும் களைக்கும். சிறு சொல்லும் பெரிதாய்த் தைக்கும். "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், சாமி" என்று என்னிடம் முறையிடும் கணவன்மார் பலர். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இரத்தப் பரிசோதனை செய்தீர்களா?" என்பதே. குணக்கேடு என்று நாம் பழிப்பது சில வேளைகளில் குருதிக் குறைவாகவே இருக்கக்கூடும்.

இதற்கு மருந்து எட்டாத தொலைவில் இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், மீன், ஈரல் ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ உடன் சேர்ந்தால் அச்சத்தை உடல் நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குறை மிகுந்திருப்பின் உணவு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, மருத்துவர் சொன்னபடி மாத்திரை உட்கொள்ளவேண்டும். உதிரப்போக்கு மிகுதியாயின் நாணமின்றி மருத்துவரிடம் கூறவேண்டும்.

மனம் நோயுறும்போது

சில வேளைகளில் நோய் மனத்திலேயே தொடங்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற அழுகை ஆகியன தொடர்ந்தால் அதைச் சோம்பல் என்றோ பக்திக் குறைவு என்றோ கூறுவது அநீதி. அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். தைராய்டு சுரப்பியின் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. செபம் ஆறுதல் தரும். ஆயினும் கால் முறிந்தவரைச் செபித்துவிட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறோமன்றோ? மனத்திற்கும் அவ்வாறே செய்வோம். வெளியே சொல்லத் தயங்குவோர்க்கென 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசிச் சேவை உள்ளது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

தியாகம் எது?

"பிள்ளைகளுக்காக என்னையே தேய்த்துக்கொள்வதுதானே தாயின் கடமை?" என்று சில அன்னையர் வினவுவர். தன்னை நேசிப்பதுபோல் பிறரை நேசிக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார்; தன்னைப் புறக்கணிக்கும்படி அன்று. தவக்காலத்தில் திருச்சபை விதிக்கும் நோன்புகூட நோயுற்றோரைக் கட்டாயப்படுத்துவதில்லை. இரத்தம் குன்றிய உடலை மேலும் பட்டினி போடுவது புண்ணியமாகாது. தாய் படுக்கையில் விழுந்தால், அவள் காத்த குடும்பமும் அவளோடு தளர்ந்துபோகுமே!

ஆகவே கணவன்மாரே, பிள்ளைகளே, இப்பொறுப்பு உங்களுடையது. ஆண்டுக்கொருமுறை அவரது இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். அவர் ஏழு மணி நேரமாவது உறங்குமாறு இரவு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மாலையில் அரைமணி நேரம் அவருடன் நடந்து, அவர் பேசுவதைச் செவிமடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, இன்றிரவே இன்னொரு தட்டை எடுத்துவைத்து, அவரையும் உங்களோடு உண்ண அமரச் செய்யுங்கள்.