எண்ணெய் படிந்த மண்ணுக்குக் கணக்குக் கேட்ட ஓகோனி விவசாயிகள்

மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டின் தென்கோடியில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் ஓகோனி என்னும் பகுதி உள்ளது. இதன் பரப்பு சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். மரவள்ளியும் பெருவள்ளிக் கிழங்கும் இங்கு முக்கியப் பயிர்கள். ஓடைகளில் மீன்பிடிப்பு துணைத் தொழிலாகும். 1950-களின் பிற்பகுதியில் இங்கு எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. ஷெல் நிறுவனமும் நைஜீரிய அரசும் கூட்டாக எண்ணெய் எடுத்தன. குழாய்கள் வயல்களின் ஊடே சென்றன. அவை உடைந்தபோதும் கசிந்தபோதும் நட்டம் விவசாயிகளைச் சேர்ந்தது.

மண்ணுக்கு நேரும் கேடு

கச்சா எண்ணெய் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. வேர்களுக்குக் காற்று கிடைப்பதில்லை. மழைநீர் உள்ளிறங்காமல் மேலோடு வழிந்து விடுகிறது. எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளித்து நலிகிறது. பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் மழைநீருடன் இறங்கி நிலத்தடி நீரை அடைகின்றன.

மக்கள் இயக்கம்

ஓகோனி மக்கள் 1990-ஆம் ஆண்டு ஓர் இயக்கம் கண்டனர். எழுத்தாளர் கென் சரோ-விவா அதன் தலைவர்களுள் ஒருவர். 1993 ஜனவரி 4-ஆம் நாள் சுமார் 3 லட்சம் பேர் அமைதியாக ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டே ஷெல் அங்கு எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. ஆனால் குழாய்கள் அகற்றப்படவில்லை. 1995 நவம்பர் 10-ஆம் நாள் ராணுவ அரசு சரோ-விவாவையும் மற்ற எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. அதன்பின்னும் மக்கள் கேட்பதை விடவில்லை.

ஆய்வில் தெரிந்த உண்மை

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 200-க்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து 2011 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. ஆய்வுக் காலத்தில் கூட்டப்பட்ட ஊர்க் கூட்டங்களில் 23,000-க்கும் அதிகமானோர் கலந்துகொண்டனர். பல இடங்களில் 5 மீட்டர் ஆழம் வரை எண்ணெய் இறங்கியிருந்தது. அரசு எண்ணெய் நிறுவனத்தின் குழாய்க்கு அருகில் இருந்த ஓர் ஊரில், குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் அளவு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கு மேல் காணப்பட்டது.

மற்றொரு செய்தி விவசாயிகளுக்கு மிக முக்கியமானது. சுத்தம் செய்து முடிந்ததாக நிறுவனத்தின் ஏடுகளில் எழுதப்பட்ட 15 இடங்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 10 இடங்களில் மாசு இன்னும் வரம்பை மீறியிருந்தது. காரணம் எளிது. மேல்மண்ணைக் கிளறி, உரமிட்டு, நுண்ணுயிர்களின் வேலைக்கு விட்டுவிடுவதே அங்கு வழக்கமான முறை. நுண்ணுயிர்களுக்குக் காற்று தேவை. ஆதலால் மேல்மண்ணில் இம்முறை பலன் தரும். ஆழத்தில் இறங்கிய எண்ணெயை இது தொடாது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரசுத் துறையோ, கசிந்த இடத்துக்குச் செல்வதற்கே சில வேளைகளில் எண்ணெய் நிறுவனத்தின் வாகன வசதியை நம்பியிருந்தது.

வழக்கும் ஈடும்

ஓகோனியைச் சேர்ந்த போடோ என்ற ஊரில் 2008-இல் இரு முறை பெருங்கசிவு ஏற்பட்டது. நிறுவனம் முதலில் சொன்ன கசிவு அளவை மக்கள் ஏற்கவில்லை. லண்டனில் வழக்குத் தொடர்ந்தனர். உண்மை அளவு அதைவிட அதிகம் என்று நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. 2015-இல் 5.5 கோடி பவுன் ஈட்டுத்தொகை முடிவாயிற்று. கழிமுகத்தின் மூன்று கிராமங்களைச் சேர்ந்த நான்கு விவசாயிகள், ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் துணையுடன், நெதர்லாந்தில் 2008-இல் வழக்குத் தொடர்ந்தனர். 2021-இல் தீர்ப்பு பெரும்பாலும் அவர்களுக்குச் சாதகமாயிற்று. 2022 டிசம்பரில் ஒன்றரைக் கோடி யூரோ தர நிறுவனம் உடன்பட்டது. தீர்ப்பு வருமுன்பே வழக்காடியவர்களில் சிலர் காலமாகிவிட்டனர்.

ஓகோனி முழுவதையும் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும், முதல் ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் தேவை என்றும் அறிக்கை கணித்தது. அரசு 2016-இல் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. வயலில் வேலை தொடங்கியது 2019-இல்தான். எங்கே, எவ்வளவு ஆழம், யார் சோதித்தது என்ற கேள்விகளை ஊர் மக்கள் இன்றும் கேட்டு வருகின்றனர்.

கவனிக்க வேண்டியவை

குழாய் செல்லும் நிலமுள்ள விவசாயிகள் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியவை:

1. கசிவைக் கண்டதும் நாள், நேரம், பரவிய பரப்பு ஆகியவற்றை எழுதி வைத்து, நிழற்படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. அளவு குறிக்கப்படாத படிவத்தில் கையொப்பம் இடலாகாது. படிவத்தின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.

3. அருகிலுள்ள கிணற்று நீரைச் சோதனை முடியும்வரை குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தக் கூடாது.

4. மண் மாதிரியை மேல்மண்ணில் மட்டும் எடுப்பது போதாது. பல ஆழங்களில் தனித்தனியே எடுக்கச் செய்ய வேண்டும்.

5. பயிர் முளைத்துவிட்டது என்பதை மட்டும் கொண்டு மண் சுத்தமாகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. வேருக்குக் கீழே எண்ணெய் தங்கியிருக்கக் கூடும்.

6. சுத்தம் செய்தவர் அல்லாத வேறோர் ஆய்வகம் சோதித்துத் தந்த முடிவைப் பார்த்த பிறகே, வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும்.