முந்திரிகை நாட்டில் ஒரு சோளரொட்டிக் கடை

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வடகிழக்காக ஒன்றரை மணி நேரம் மோட்டார் வண்டியிற் சென்றால் நாபாப் பள்ளத்தாக்கை அடையலாம். இரு மருங்கிலும் மலைத்தொடர். இடையே ஏறத்தாழ 30 மைல் நீளமும், மிக அகன்ற இடத்தில் 5 மைல் அகலமுங் கொண்ட சமநிலம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை முந்திரிகைத் தோட்டங்கள். திராட்சை என்று தமிழகத்தார் வழங்கும் இக்கொடியைப் பந்தலிற் படரவிட்டே நான் கண்டிருக்கிறேன். அங்கோ அது நெஞ்சளவு உயரத்திற் கம்பிகளில் இழுத்துக் கட்டப்பட்டு, பாடசாலைப் பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்கு நிற்பது போல வரிசை பிசகாமல் நிற்கின்றது.

மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காகக் கலிபோர்னியா சென்றிருந்த என்னைச் செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மருமகன் அங்கே அழைத்துச் சென்றார். அது முந்திரிகை அறுவடைக் காலம். நான் மது அருந்துபவனல்லன். எனினும், உலகம் புகழும் ஒரு பொருள் உண்டாகும் இடத்தைக் காண்பதில் ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு ஆவல் இராமற் போகுமா?

முதலில் ஒரு வைன் மாளிகைக்குச் சென்றோம். கற்சுவர், மரப்பீப்பாக்கள் அடுக்கிய குகை, வெண்துணி விரித்த மேசை. நான்கைந்து மிடறு சுவைபார்ப்பதற்கு ஆளொன்றுக்கு 60 டொலர். வழிகாட்டியாக வந்த இளைஞர் நன்றாகப் பேசினார். 1976 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த சுவைப்போட்டியைப் பற்றிச் சொன்னார். எது எந்தப் போத்தல் என்பதை அறியாமலே பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்து மதிப்பிட்டபோது, சிவப்பு வைனில் ஸ்டாக்ஸ் லீப் என்னும் நிலையமும், வெள்ளை வைனில் ஷற்றோ மொன்ரலீனா என்னும் நிலையமும் முதலிடம் பெற்றன. இரண்டும் நாபாவைச் சேர்ந்தவை. பிரான்சின் புகழ்பெற்ற வைன்கள் பின்தள்ளப்பட்டன. அதன்பின் இப்பள்ளத்தாக்கின் புகழ் உலகெங்கும் பரவிற்று.

மண்ணின் இயல்பு, வளைகுடாவிலிருந்து காலையில் தவழ்ந்து வரும் மூடுபனி, ஓக் மரப் பீப்பாவின் வாசனை ஆகிய யாவற்றையும் அவர் விளக்கினார். வைனை ஆக்கிய நிபுணரின் பெயரையும் மதிப்போடு கூறினார். "கொடிகளைக் கத்தரிப்பவர் யார்?" என்று கேட்டேன். "அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார். அவர் அதை இழிவாகச் சொல்லவில்லை. அவ்வினாவுக்கு அதற்கு மேல் விடை அவரிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நண்பகலாயிற்று. வீதியோரத்து உணவகங்களின் விலைப்பட்டியலைப் பார்த்த மருமகன், "மாமா, இங்கே இருந்து சாப்பிட்டால் ஆளுக்கு நூறு டொலர் போய்விடும். நான் வேறோர் இடம் காட்டுகிறேன். உங்களுக்குச் சைவமும் கிடைக்கும்" என்றார்.

29 ஆம் இலக்க நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகி, மோட்டார் திருத்துமிடம் ஒன்றின் முற்றத்தில் நின்ற பழைய லொறிதான் அந்தக் கடை. பக்கவாட்டில் ஒரு யன்னல் வெட்டி, அதன்மேல் தகரத் தாழ்வாரம் இறக்கியிருந்தார்கள். முன்னால் நான்கு மேசைகள், எட்டு வாங்குகள். விலைப்பட்டியல் ஸ்பானிய மொழியிற் கையால் எழுதப்பட்டிருந்தது. ஒரு டாக்கோ 3 டொலர். வரிசையில் எங்களைப் போன்ற உல்லாசப் பிரயாணிகளும் நின்றார்கள். தோட்டத் தொழிலாளரும் நின்றார்கள். தொழிலாளரின் சப்பாத்துகளிற் புழுதி படிந்திருந்தது. விரல்கள் முந்திரிகைச் சாறு ஊறிக் கருநீலமாயிருந்தன. பழம் குளிர்ச்சி மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காக நள்ளிரவுக்குப் பின் விளக்கொளியிலே அறுவடை செய்வார்களாம். வளைந்த சிறு கத்தியாற் குலையை அறுத்து, 40 இறாத்தல் கொள்ளும் பெட்டியை நிரப்பி, உழவு இயந்திரத்தை நோக்கி அதனைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எங்களுக்கு நண்பகலுணவு, அவர்களுக்கோ அது ஒரு நாளின் முடிவு.

டாக்கோ என்பது யாது? உள்ளங்கை அகலமான மெல்லிய சோளரொட்டியில் இறைச்சியோ அவரையோ வைத்து, அரிந்த வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவி, மிளகாய்ச் சம்பல் இட்டு, தேசிக்காய் பிழிந்து, இரண்டாய் மடித்துக் கையாலே உண்ணுகின்ற உணவு அது. கரண்டியுமில்லை, முள்ளுமில்லை. அமெரிக்காவில் இறங்கிய நாள்முதல் முள்ளோடும் கத்தியோடும் போராடிக்கொண்டிருந்த எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

எளிய ரொட்டிதான், ஆனால் அதன் பின்னே பழைய அறிவொன்று இருக்கின்றது. சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் தென்மெக்சிக்கோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட தானியம். அந்நாட்டு மக்கள் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கிய பின்னரே அரைத்தனர். அவ்வாறு செய்தால் மா ஒன்றோடொன்று பிடிக்கும், ரொட்டி உடையாது. அதனினும் மேலாக, சோளத்திற் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேரக்கூடிய நிலையை அடையும். சோளத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்ற ஐரோப்பியர் சுண்ணாம்பைக் கைவிட்டனர். அதன் பயனாக வட இத்தாலியிலும், பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலாகிரா என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். எழுத்தறியாத குடியானவப் பெண்களின் கைப்பக்குவம் காத்ததை, கற்றவர்கள் இழந்தார்கள்.

நான் வாங்கியது அவரையும் நாகதாளியும் வைத்த டாக்கோ. ஆம், நம் வரண்ட நிலங்களில் முள்ளோடு நிற்கும் நாகதாளியின் இனந்தான். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். முள்ளைச் சீவி, கீற்றுக் கீற்றாக அரிந்து, சுட்டு வைக்கிறார்கள். வெண்டிக்காயின் வழுவழுப்பும் மெல்லிய புளிப்பும் அதற்கு உண்டு. குடிப்பதற்குத் 'தமாரிந்தோ' என்று ஒன்றைத் தந்தார்கள். வாயில் வைத்தால், சீனி கலந்த நம் புளித்தண்ணீர்! இந்தியப் பேரீச்சு என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து பிறந்த பெயர் அது. மிளகாய் அங்கிருந்து நம் அடுக்களைக்கு வந்தது. புளி நம் பக்கமிருந்து அவர்களின் அடுக்களைக்குச் சென்றது.

இடந்தேடி நின்ற என்னைக் கண்ட முதியவர் ஒருவர், தாம் இருந்த வாங்கில் ஒதுங்கி, "மேசா" என்று மேசையைத் தட்டிக் காட்டினார். மேசை! நமக்கு அதைத் தந்தவர் போர்த்துக்கேயர். அவருக்குத் தந்தவர் ஸ்பானியர். நான் வாங்கைத் தொட்டுக் காட்டினேன். "பாங்கோ" என்றார். சப்பாத்தைக் காட்டினேன். "சபாத்தோ" என்றார். இருவரும் சிரித்தோம். அத்துடன் எங்கள் பொதுமொழி முடிந்துவிட்டது. அப்பால் நாங்கள் பேசியவற்றை, கல்லூரியிற் படிக்கும் அவருடைய பேத்தி இடையிலிருந்து மொழிபெயர்த்தாள்.

அவர் மிச்சோவாக்கான் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1974 இல் இங்கு வந்தாராம். ஐம்பது ஆண்டுகளாகக் கொடி கத்தரிப்பதே தொழில். மாளிகையில் விடை கிடைக்காத என் வினாவுக்குரியவர் வாங்கின் மறு ஓரத்தில் அமர்ந்திருந்தார்!

"தை மாசியிற் கொடி உறங்கும்போது வெட்டவேண்டும்" என்ற கருத்தில் அவர் விளக்கினார். "ஒவ்வொரு குறுங்கிளையிலும் இரண்டு கண் விட்டு வெட்டுவேன். கூட விட்டாற் பழம் பெருகும், சுவை குறையும். எந்தக் கிளை அடுத்த ஆண்டு எப்பக்கம் போகும் என்பதை வெட்டுவதற்கு முன் மனத்திற் காணவேண்டும். அந்த ஆண்டின் வைன் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது."

"அந்த வைனைக் குடித்திருக்கிறீர்களா?" என்றேன்.

"அறுவடை முடிவில் ஆளுக்கொரு போத்தல் தருவார்கள். மருமகனுக்குக் கொடுத்துவிடுவேன். எனக்குப் பியர் போதும்" என்றார். பேத்தி அதை மொழிபெயர்க்கு முன்னரே சிரித்துவிட்டாள்.

அவருடைய தந்தையார் 1950களிற் பிராசெரோவாக வந்தவர். அச்சொல்லின் பொருளை நாம் அறிதல் வேண்டும். பிராசோ என்றாற் கை. பிராசெரோ, கையால் உழைப்பவன். 1942 முதல் 1964 வரை அமெரிக்க அரசும் மெக்சிக்க அரசும் செய்த ஏற்பாட்டின்படி 45 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. தொடக்க ஆண்டுகளிற் கூலியில் பத்தில் ஒரு பங்கு சேமிப்பென்று பிடிக்கப்பட்டது. பலருக்கு அப்பணம் திரும்பக் கிடைக்கவேயில்லை.

இத்தனைக்கும் இந்நிலம் அவர்களுக்கு அந்நிய நிலமன்று. 1848 ஆம் ஆண்டின் குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கை கைமாற்றும்வரை கலிபோர்னியா மெக்சிக்கோவுக்கு உரியதாயிருந்தது. நாபாவில் முதன்முதற் கொடி நட்டவராகக் கூறப்படும் ஜோர்ஜ் யவுண்ட், 1836 இல் மெக்சிக்க அரசிடமிருந்தே தமது நிலத்தை மானியமாகப் பெற்றார். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையைக் குடைந்து வைன் குகைகளை அமைத்தவர்கள் சீனத் தொழிலாளர். 1882 இற் சட்டமொன்று சீனத் தொழிலாளரின் வருகையையே தடுத்தது. குகைகள் மாத்திரம் இன்றும் இருக்கின்றன.

உழைப்பவர் எக்காலமும் வாய்மூடி இருந்தாரல்லர். நாபாவுக்கு வெகு தெற்கேயுள்ள டெலானோவில் 1965 செப்டெம்பர் 8 ஆம் நாள், லாரி இட்லியோங் தலைமையிற் பிலிப்பினோத் தொழிலாளர் முந்திரிகைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். சில நாட்களிற் சேசர் சாவேஸ், டொலோரஸ் உவேர்ட்டா ஆகியோரின் சங்கமும் அவர்களோடு சேர்ந்தது. நாடெங்கும் மக்கள் முந்திரிகைப்பழம் வாங்க மறுத்தனர். ஐந்தாம் ஆண்டில், 1970 இல், தோட்டக்காரர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 1975 இற் கலிபோர்னியா மாநிலம் கமத்தொழிலாளரின் சங்க உரிமையைச் சட்டமாக்கியது. நாபாவிலும் நன்மை நிகழாமலில்லை. தோட்ட உரிமையாளர் 2002 ஆம் ஆண்டில், ஏக்கர் கணக்கில் தமக்குத் தாமே வரி விதித்து, தொழிலாளர் தங்கும் மூன்று விடுதிகளை நடத்த உதவ இசைந்தனர். ஆயினும் குடும்பத்தோடு வாழ்வோருக்குப் பள்ளத்தாக்கின் வீட்டுவாடகை எட்டாத உயரம். அம்முதியவரும் மலைக்கு அப்பாலிருந்து ஒரு மணி நேரம் வண்டியோடி வருபவரே. ஆகவேதான் வேலைத்தலத்துக்கும் வீட்டுக்கும் இடையில் இந்த லொறி அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று.

எழுந்து பணம் கொடுக்கச் சென்றபோது, கடைக்கார அம்மையாரிடம், "இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பாராட்டென்று எண்ணியே கேட்டேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஆறு டொலருக்கும் இது தகும் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், ஐயா. ஆறு டொலராக்கினால் நீங்கள் வருவீர்கள். அவர்கள் வரமாட்டார்கள்" என்று வாங்குகளைக் காட்டினார். அவரும் கணவரும் மகளும் விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்களாம். மகளுக்குச் சம்பளமில்லை. அந்த முற்றத்தின் சொந்தக்காரர் வருகிற ஆண்டு வாடகையை உயர்த்தப்போவதாக அறிவித்திருக்கிறார். உயர்த்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மலிவு என்ற சொல்லை நான் அதுகாறும் பொருளின் குணமாகவே கருதியிருந்தேன். அது பொருளின் குணமன்று. ஒருவர் கொடுக்காமல் விட்ட பணத்தை வேறொருவர் தம் உறக்கத்தாலும் உழைப்பாலும் கொடுத்துத் தீர்க்கிறார். வைன் மாளிகையில் நான் கொடுத்த 60 டொலரில் அம்முதியவரின் கைக்கு எத்தனை சதம் சேர்ந்திருக்கும்? சோளரொட்டிக் கடையில் நான் கொடாமல் விட்ட 3 டொலரை அம்மையாரின் மகளல்லவா கொடுத்தாள்? கணக்குப் படிப்பித்த எனக்கு இந்தக் கணக்கு இலேசில் தீரவில்லை. ஆயினும் இரண்டு மலிவுகளும் ஒன்றல்ல. தொழிலாளியின் கையை மலிவாக வாங்குவது ஒன்று. அத்தொழிலாளி உண்ணவேண்டும் என்று தன் உழைப்பை மலிவாக விற்பது மற்றொன்று. முன்னது வலியவரின் வசதி. பின்னது எளியவரின் அறம்.

ஊர் திரும்பிச் சில மாதங்களாயின. சென்ற தை மாதத்தில் மகள் தொலைபேசியிற் பேசியபோது அக்கடையைப் பற்றி விசாரித்தேன். லொறி அதே முற்றத்தில் நிற்கிறதாம். விலை 3 டொலர் 50 சதம் ஆகியிருக்கிறதாம். வாங்குகளில் இடமிருக்கவில்லை என்றாள். அந்த முதியவரை அவள் காணவில்லை. அது கொடி கத்தரிக்கும் காலம். அவர் தோட்டத்தில் இருந்திருப்பார்.