மக்னீசியம்: அளவறிந்து தரும் மருந்து

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் சென்றவர்கள், நகரை நெருங்கும்போது வெண்மையாகத் தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அக்கல்லில் உள்ள மக்னீசியமே உங்கள் வீட்டுக் கேழ்வரகுக் களியிலும் இருக்கிறது. உங்கள் உடம்பிலும் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில் தங்கிவிடுகிறது. இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்கு அளவே.

இது டாக்டர்களுக்கு உரிய விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கலாம். இரத்த அழுத்தம் ஏறி, முகம் வீங்கி, தலைவலியும் கண்மங்கலும் கண்டபின் வலிப்பு வருவதுண்டு. அதைக் காத்துக்கருப்பு என்றெண்ணித் தாயத்துத் தேடி அலைந்தால் தாயையும் சேயையும் இழக்க நேரிடும். இதற்குரிய மருந்து மக்னீசியம் சல்பேட் ஊசி. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து, 2002இல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் அபாயத்தை இது பாதியாகக் குறைத்தது.

ஆனால் அளவு மிஞ்சினால் இம்மருந்தே ஆபத்து. முதலில் முழங்காலைத் தட்டினால் கால் உதறுவது நிற்கும். பிறகு மூச்சே தளரும். மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். ஆகவேதான் நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலைத் தட்டுகிறார், மூச்சை எண்ணுகிறார், சிறுநீரை அளக்கிறார். தூங்கும் பிள்ளையை எழுப்புகிறாரே என்று முகம் சுளிக்காதீர்கள். அளவு மிஞ்சியதாகத் தெரிந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசி கைகொடுக்கும்.

சந்தேகம் எழும்போது இரத்தப் பரிசோதனை உதவுகிறது. சாதாரணமாக 100 மில்லி லிட்டர் சீரத்தில் மக்னீசியம் சுமார் 1.7 முதல் 2.2 மில்லி கிராம் வரை இருக்கும். சாயம் சேர்த்து நிறமாற்றத்தைக் கணக்கிடுவது வழக்கமான முறை. இன்னொன்று சென்சார் முறை: மெல்லிய சவ்வு பூண்ட மின்முனை, கட்டுண்ணாத மக்னீசிய அயனிகளை மின்னழுத்தமாக உணர்ந்து சில நிமிடங்களில் விடை தருகிறது. கால்சியமும் அச்சவ்வை ஓரளவு ஏமாற்றிவிடும். ஆகவே கருவி அதையும் அளந்து கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இரத்தம் எடுக்கும் குழாயிலும் கவனம் தேவை. இடிடிஏ கலந்த குழாயானால் அந்த உப்பு மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பணுக்கள் உடைந்தாலோ அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.

முதியவர்கள் பல்லாண்டாக உண்ணும் ஒமிப்ரசோல் போன்ற வயிற்றுப்புண் மாத்திரைகளும், நீர் பிரியும் மாத்திரைகளும் மக்னீசியத்தைக் குறைத்துவிடக்கூடும், இதயத்துடிப்பு தடுமாறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ மக்னீசியம் கலந்த பேதி மருந்து அதை மிஞ்சவைக்கும். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.