தோள் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் இரவு: விறைப்பு ஊசியோடு ஸ்டீரொய்ட் ஏன்?

தோள்மூட்டில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அன்றிரவைப் பற்றித்தான் சொல்வார்கள். தசைநாரைத் தைத்தாலும் சரி, எலும்புக்குத் தகடு வைத்தாலும் சரி, நோவு கடுமையானது.

அதை அடக்கவே கழுத்தோரம் ஊசி போடுகிறார்கள். கழுத்து முள்ளந்தண்டில் இருந்து கைக்கு இறங்கும் நரம்புகளை ஸ்கேனில் பார்த்தபடி, அவற்றின் அருகே விறைப்பு மருந்தை மயக்கமருந்து நிபுணர் செலுத்துவார். தோளும் கையும் மரத்துப்போகும். சிக்கல், அது எந்த நேரத்தில் தெளிகிறது என்பதில்தான்.

பிரித்தானிய மயக்கவியல் சஞ்சிகையில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், புபிவகெய்ன் மட்டும் ஏற்றப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 15 மணித்தியாலம் நோவு அடங்கியிருந்தது. அதனுடன் 8 மில்லிகிராம் டெக்சாமெதசோன் சேர்த்தபோது அது 22 மணித்தியாலமானது. காலை 10 மணிக்கு ஊசி போட்டால், முதலாவது ஆளுக்கு நள்ளிரவு 1 மணிக்கு நோவு தொடங்கும். மற்றவருக்கு மறுநாள் காலை 8 மணிக்கு. கல்முனையில் சத்திரசிகிச்சை முடித்துப் பொத்துவிலுக்கு வீடு திரும்பியவருக்கு இந்த ஏழு மணித்தியாலம் சிறிய விடயமல்ல. நள்ளிரவில் வாகனம் தேடுவது யார்?

நரம்பருகே மெல்லிய குழாயை வைத்துத் தொடர்ந்து மருந்து செலுத்தும் முறையும் உண்டு. 2003இல் ஈராக்கில் காயப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அதைச் செய்தார்கள். ஆனால் அதற்குப் பம்பும் கண்காணிப்பும் வேண்டும். டெக்சாமெதசோன் மலிவான பழைய மருந்து, கொரோனாக் காலத்தில் பலரும் பெயர் கேள்விப்பட்டதுதான்.

இதை நரம்பருகேதான் ஏற்ற வேண்டுமா? 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வின்படி, இரத்த நாளம் வழியாக ஏற்றினாலும் விறைப்பு 6 மணித்தியாலத்துக்கு மேல் நீள்கிறது. நரம்பருகே ஏற்றினால் அதைவிட ஏறத்தாழ 3 மணித்தியாலம் கூடுதல். நரம்பருகே ஏற்றுவதற்கென இம்மருந்து அனுமதி பெற்றதல்ல என்பதால், நாளம் வழியாக ஏற்றுவதை விரும்பும் வைத்தியர்களும் உள்ளனர். அவர்களோடு நோயாளி வாதாடத் தேவையில்லை.

போரில் காயப்பட்டவர்கள் இனிச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். இந்த ஊசி, பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பையும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் தற்காலிகமாகத் தளர்த்திவிடும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஷெல் துண்டு பட்டு மற்றப் பக்க நுரையீரல் பழுதானவருக்கு மூச்சுத் திணறலாம். ஸ்டீரொய்ட் சேர்த்தால் அந்தத் தளர்ச்சியும் நீளும். முப்பது வருடத்துக்கு முந்திய காயம்தானே என்று விட்டுவிடாமல், மார்பில் பட்ட காயத்தை முதலிலேயே சொல்லுங்கள். கையில் ஏற்கெனவே உணர்விழந்த இடம் இருந்தால் அதையும் காட்டுங்கள். பின்னர் பார்க்கும்போது எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய அது உதவும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு தடவை ஏற்றும் டெக்சாமெதசோனும் ஓரிரு நாளைக்குச் சீனியை உயர்த்தும். அதற்காக ஊசியே வேண்டாம் என்று மறுக்க வேண்டியதில்லை; அடிக்கடி சீனியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வார்ட்டை விட்டுப் புறப்படுமுன் "விறைப்பு எத்தனை மணிக்குத் தெளியும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதித்தந்த நோவு மாத்திரைகளை அந்த நேரத்துக்கு முன்பே, நோவு தெரியாதபோதே தொடங்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். விறைப்பு விட்டதும் நோவு ஒரேயடியாக ஏறும், அதற்குப் பிறகு போடும் பனடோல் வேலை செய்யச் சுணங்கும்.

அதுவரை கை கட்டிலேயே இருக்கட்டும். அடுப்பு, சுடுநீர் பக்கம் போகவேண்டாம், சுட்டாலும் தெரியாது. மறுநாள் விடிந்தும் கை தூக்க முடியாமல் தொங்கினால், அவயவம் இழந்தவர்களைப் பார்த்து வளர்ந்த வீடுகளில் பயம் வரும். 24 மணித்தியாலம் வரை அது எதிர்பார்த்ததுதான். இரண்டு நாள் கடந்தும் உணர்வு திரும்பாவிட்டால், அல்லது எப்போதாவது மூச்சு முட்டினால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.