ஆட்டத்துக்கு முந்திய ஆறு மணித்தியாலங்கள்

பாடசாலை உதைபந்தாட்ட அணி தோற்றுத் திரும்பும்போது வழமையாக இரண்டு காரணங்கள் சொல்லப்படும். ஒன்று, பயிற்சி போதவில்லை. மற்றது, பிள்ளைகளுக்குக் கவனம் இருக்கவில்லை. பயிற்சி போதவில்லை என்றால் அடுத்த தவணையில் கூட்டிக்கொள்கிறோம். கவனம் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். அது எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை.

நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரங்கெத்த என்று ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. வலய மட்டத்தில் வென்றால்தான் மாகாண மட்டம். அதையும் தாண்டினால்தான் தேசிய மட்டம். தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் சுற்றில், ஓர் ஆட்டத்துடன் ஒரு மாணவியின் அந்த ஆண்டே முடிந்துவிடலாம். பெண் பிள்ளையாயின் இன்னொன்றும் உண்டு. "போனாய், தோற்றாய், இனிப் படிப்பைப் பார்" என்ற ஒரு சொல்லில் அவளது விளையாட்டே முடிந்துவிடலாம். ஆகவே அந்த ஒரு நாளில் அவள் தன்னால் இயன்றதை ஆடிவிட்டு வருவது முக்கியம்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து ஓர் அணி ஹட்டன் டன்பார் மைதானத்துக்குச் செல்கிறது. ஆட்டம் பிற்பகல் 2 மணிக்கு. காலை 8 மணிக்கு பஸ் புறப்படுகிறது. இடையில் இருக்கும் ஆறு மணித்தியாலங்களில்தான் கவனம் துளித்துளியாகக் கசிகிறது.

வீட்டை விட்டு இறங்குமுன்

தோட்டத்து வீடுகளில் காலை என்பது அவசரமான பொழுது. பிரட்டுக்கு நேரமாகிவிடும் என்று தாய் கிளம்புவார். தம்பி தங்கைகளை ஆயத்தப்படுத்தி அனுப்புவது மூத்த பிள்ளையின் வேலை. நகரத்தில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களிலும் நிலைமை அவ்வளவு வேறல்ல. வாப்பா கடை திறக்கப் போய்விடுவார். அடுப்படியில் உம்மாவுக்கு உதவி தேவைப்படும். இந்த வேலைகளை முடித்துவிட்டு ஓடி வந்து பஸ்ஸில் ஏறும் பிள்ளையின் உடல் பஸ்ஸில் இருக்கும். மனம் வீட்டில் இருக்கும். தங்கை பாடசாலைக்குப் போனாளா? மாலையில் மூடுபனி இறங்கினால் நான் எந்த பஸ்ஸில் திரும்புவது? பிந்தினால் ஏசுவார்களா?

இவை சிறிய கேள்விகள். ஆனால் பதில் கிடைக்காத கேள்வி மனத்தை விட்டுப் போகாது. முதல்நாள் இரவே பெற்றோர் இவற்றுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். "நாளைக்குத் தங்கையைப் பக்கத்து வீட்டில் விடுகிறோம். ஆறு மணிக்கு வாப்பா சந்திக்கு வந்து நிற்பார்." இந்த இரண்டு வசனங்கள் பயிற்றுநரின் அரை மணி நேர உரையைவிட அதிகம் உதவும்.

தூக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 13 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு இரவில் 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை என மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு பலருக்கு நித்திரை வருவதில்லை. அது இயல்பானது. அதை நினைத்துப் பயந்தால்தான் இருக்கின்ற நித்திரையும் போகும். அதற்கு முந்திய இரண்டு மூன்று இரவுகளில் நேரத்துக்குப் படுத்தவளை ஓர் இரவின் குறை பெரிதாகப் பாதிப்பதில்லை.

வளைவுகளில் பஸ் ஏறும்போது

நுவரெலியாவிலிருந்து நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை வழியாக ஹட்டன் செல்லும் பாதையைத் தெரிந்தவர்களுக்கு அதன் வளைவுகளையும் தெரியும். அணியில் இரண்டு மூன்று பேருக்காவது தலை சுற்றும், குமட்டும். நமது உட்காது உடலின் அசைவை உணர்கிறது. கண்ணோ கையிலிருக்கும் கைத்தொலைபேசியைப் பார்த்து, எல்லாம் அசையாமல் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிப்படுகிறது. ஆகவே அப்படிப்பட்ட பிள்ளைகள் முன் ஆசனங்களில் அமர்ந்து தூரத்துப் பாதையைப் பார்க்க வேண்டும். யன்னலைச் சற்றுத் திறந்து வைக்கலாம். வெறும் வயிற்றுடனோ நிறையத் தின்றுவிட்டோ ஏறக்கூடாது.

பலர் வாந்தி வராமலிருக்கக் குளிசை போட்டுக்கொண்டு வருகின்றனர். அவற்றுள் பல, நித்திரை மயக்கத்தை உண்டாக்கும். குமட்டல் நிற்கும், ஆனால் அந்த மாணவி 2 மணிக்கும் அரைத் தூக்கத்தில் நிற்பாள். குளிசை தேவைப்படும் பிள்ளைக்கு முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, ஆட்டமில்லாத ஒரு பயண நாளில் அதைப் பாவித்துப் பார்க்க வேண்டும்.

கைத்தொலைபேசியை பஸ்ஸில் ஏறும்போதே பொறுப்பாசிரியையிடம் ஒப்படைத்துவிடுவது குமட்டலுக்கு மட்டுமல்ல, மனத்துக்கும் நல்லது. எதிரணி போன முறை எத்தனை கோல் போட்டது, யார் என்ன சொன்னார்கள் என்ற செய்திகள் அந்த நேரத்தில் எவருக்கும் பயன்படுவதில்லை.

உணவும் காத்திருப்பும்

ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணித்தியாலங்களுக்கு முன் மாப்பொருள் அதிகமுள்ள உணவை உண்ண வேண்டும். 2 மணி ஆட்டத்துக்கு 10.30 மணியளவில் சோறும் பருப்பும், அல்லது இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் முட்டையும் போதும். எண்ணெயில் பொரித்ததும் கடும் உறைப்பும் அன்றைக்கு வேண்டாம். 12.30 மணியளவில் ஒரு வாழைப்பழமும் சில மிடறு தண்ணீரும் எடுக்கலாம். தேநீர் நமது ஊரின் பானம். பழகிய அளவு குடிப்பதில் தவறில்லை. ஆனால் குளிருக்கும் பதற்றத்துக்கும் மேலும் மேலும் குடித்தால் நெஞ்சுப் படபடப்பு கூடும். பொதுவான விதி ஒன்றுதான்: ஆட்ட நாளில் புதிதாக எதையும் செய்யக்கூடாது. புதிய உணவும் வேண்டாம், கடிக்கும் புதிய சப்பாத்தும் வேண்டாம்.

ஒரே மைதானத்தில் ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடக்கும்போது 2 மணி ஆட்டம் 3 மணியாகலாம். இந்தக் காத்திருப்பு பிள்ளைகளை மிகவும் சோர்வடையச் செய்கிறது. கரையில் நின்று முந்திய ஆட்டங்களையெல்லாம் கத்திக் கத்திப் பார்த்தவள் தன் ஆட்டம் வருமுன்னே களைத்துவிடுவாள். ஒரு பாதி ஆட்டம் பார்ப்பது போதும். பிறகு ஓரிடத்தில் அமர வேண்டும், உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டும். தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கங்களில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. நனைந்த காலுறையுடன் ஒரு மணித்தியாலம் நிற்கும் பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. உலர்ந்த காலுறை ஒரு சோடி, ஸ்வெட்டர், சிறு துவாய் மூன்றும் பொலித்தீன் பையொன்றில் சுற்றப்பட்டு அவளிடம் இருக்க வேண்டும்.

உடையும் தொழுகையும்

நம் மாணவியரின் கவனம் அதிகம் சிதறுவது கடைசி அரை மணித்தியாலத்தில், நடுவர் உடையைப் பரிசோதிக்கும்போது. உதைபந்தாட்ட விதிகளின் நான்காவது விதி எந்த நகையையும் அனுமதிப்பதில்லை. தோட்டை டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. மைதானத்தின் ஓரத்தில் நின்று, கழராத தோட்டை இழுத்துக் காது நோக அழும் பிள்ளை எப்படி ஆடுவாள்? தோட்டை முதல்நாளே வீட்டில் கழற்றிப் பத்திரப்படுத்துவது பெற்றோரின் பொறுப்பு.

தலையை மறைப்பதற்குத் தடையில்லை. முன்பு இருந்தது. 2011 ஜூனில் ஈரான் பெண்கள் அணி அம்மானில் ஜோர்தானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தை அந்தத் தடையினால் இழந்தது. 2014 மார்ச்சில் விதி வகுக்கும் சர்வதேச சபை அனுமதி வழங்கியது. 2023 ஜூலை 30 அன்று மொரோக்கோவின் நுஹைலா பென்சினா தென் கொரியாவுக்கு எதிராக ஹிஜாபுடன் உலகக் கிண்ண ஆட்டத்தில் ஆடினார். முதிர்ந்தோர் உலகக் கிண்ணத்தில் அவ்வாறு ஆடிய முதல் வீராங்கனை அவரே. அன்று மொரோக்கோ 1–0 என்று வென்றது.

ஆனால் அனுமதிக்கு நிபந்தனைகள் உண்டு. தலைமறைப்பு கறுப்பாகவோ மேற்சட்டையின் பிரதான நிறத்திலோ இருக்க வேண்டும். அணியில் அனைவருக்கும் ஒரே நிறம். சட்டையுடன் இணைத்திருக்கக்கூடாது. கழுத்தருகே ஊசியோ கொக்கியோ இருக்கக்கூடாது. தொங்கும் முனைகளும் கூடாது. உள்ளே அணியும் நீளக்கைச் சட்டை மேற்சட்டைக் கையின் நிறத்திலும், நீளக் காற்சட்டை மேலே அணியும் குறுங்காற்சட்டையின் நிறத்திலும் அமைய வேண்டும். இத்தனையும் முதல் வாரப் பயிற்சியிலேயே முழு உடையுடன் ஒத்திகை பார்க்கப்பட்டால், ஆட்ட நாளில் துணி நழுவுகிறதா என்று எவளும் தொட்டுத் தொட்டுப் பார்க்க மாட்டாள். மாதாந்த நாட்களில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தேவையானவை பொறுப்பாசிரியையின் பையில் எப்போதும் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே ஓர் ஆட்டம் முழுவதையும் பயத்தில் கழிக்கும் பிள்ளைகள் உள்ளனர்.

ளுஹர் நேரம் நண்பகல் 12 மணியை ஒட்டி வருகிறது. வுழூச் செய்ய நீர் எங்கே, தொழ இடம் எங்கே என்பதை ஆசிரியை முன்கூட்டியே விசாரித்து வைத்தால், அன்றைய பரபரப்பில் கிடைக்கும் மிக அமைதியான பத்து நிமிடங்கள் அவையாகவே இருக்கும். சேர்ந்து ஆடும் தமிழ், சிங்களத் தோழியரும் அந்த நேரத்தில் தத்தம் முறையில் அமைதியாக இருக்கலாம். துஆ ஆயத்தத்துக்குப் பதிலாக வருவதன்று. ஒட்டகத்தைக் கட்டுவதும் தவக்குல் வைப்பதும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பது நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பாடம்.

நெஞ்சு படபடக்கும்போது

யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1908 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து ஒன்று உண்டு. விழிப்பு மிகக் குறைந்தாலும் செயல் கெடும், மிக அதிகரித்தாலும் கெடும், நடுவில்தான் சிறக்கும். ஆகவே படபடப்பு நோயல்ல. உடல் ஆயத்தமாகிறது என்பதன் அறிகுறி. "அமைதியாக இரு" என்று சொல்வது பலருக்குப் பயன்படுவதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014 இல் வெளியிட்ட ஆய்வுகளில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன் பதற்றமாயிருந்தவர்கள் தமக்குத் தாமே "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டபோது சிறப்பாகச் செய்தார்கள். நம் பிள்ளைகளும் "பயமாக இருக்கிறது" என்பதற்குப் பதில் "ஆட ஆசையாக இருக்கிறது" என்று சொல்லிப் பார்க்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரத்தை நீட்டினால் இதயத் துடிப்பு தணியும்.

உயரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதமே. கீழ்நாட்டிலிருந்து வந்து ஆடும் மாணவிக்கு முதல் ஓட்டத்திலேயே மூச்சு வாங்கும். காரணம் தெரியாதவள் "எனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று பயப்படுவாள். தெரிந்தவள் வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பழகிக்கொள்வாள்.

கடைசி அரை மணித்தியாலத்தில் உடலைச் சூடேற்ற வேண்டும். ஃபீபாவின் '11+' என்ற பயிற்சித் தொகுப்பு ஏறத்தாழ 20 நிமிடங்கள் எடுக்கும். அதில் ஓட்டம், வலிமையும் சமநிலையும், மீண்டும் விரைவோட்டம் என்று மூன்று பகுதிகள் உள்ளன. 13 முதல் 17 வயதுடைய 1,892 நோர்வே மாணவியரிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. ஆட்ட நாளில் முழுத் தொகுப்பும் தேவையில்லை. ஓட்டப் பகுதிகள் போதும். எப்போதும் ஒரே வரிசையில் செய்யும் பயிற்சி மனத்துக்கும் நல்லது. அடுத்தது என்ன என்று யோசிக்கத் தேவையில்லாதபோது பதற்றத்துக்கு இடம் குறைகிறது.

அதன்பின் பயிற்றுநர் பேசலாம். ஆனால் சுருக்கமாக. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. "நீ அவர்களின் ஏழாம் இலக்கத்துடன் நில்." "நீ பந்து கிடைத்ததும் தலையை உயர்த்திப் பார்." பத்து அறிவுரைகளில் பிள்ளை ஒன்றையும் நினைவில் வைப்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாசலில் நின்று "வெல்லுவீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பதில் அவள் கையில் இல்லை. எதிரே ஆடுபவர்களும் பிள்ளைகள்தான். "மகள், நல்லா ஆடிட்டு வாங்க, ஆறு மணிக்கு நான் சந்தியில நிப்பேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி, வென்றாலும் தோற்றாலும், போய் நில்லுங்கள்.