அப்பாவின் மடக்குக் கத்தி எந்த ஆண்டில் பிறந்தது?

உங்கள் வீட்டில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். பிஸ்கட் டின்னாக வீட்டுக்குள் வந்து, பிறகு ஆணியும் திருப்புளியும் அறுந்த பொத்தானும் குடியேறிய பெட்டி. அதன் அடியில் ஒரு மடக்குக் கத்தி கிடக்கிறதா என்று இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள். இருந்தால், தயவு செய்து அதைத் தேய்க்காதீர்கள்! தேய்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு சிங்கப்பூருக்கு வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. புக்கிட் மேரா என்றால் மலாய் மொழியில் சிவப்புக் குன்று. வாள் போன்ற மூக்குள்ள மீன்கள் கரையில் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். கரையோரம் வாழைத் தண்டுகளை வேலியாக நட்டு வைத்தால் மீன்கள் அதில் குத்திச் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னானாம். ஊர் பிழைத்தது. ஆனால் அவன் அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனையே கொல்லச் செய்தான். அந்த இரத்தத்தால் குன்று சிவந்தது என்பது பழைய மலாய்க் கதை. கூர்மையான பொருளுக்கும் எங்கள் பேட்டைக்கும் அவ்வளவு பழைய உறவு!

அப்பாவிடம் ஓர் அமெரிக்க மடக்குக் கத்தி இருந்தது. மாம்பழம் சீவ, கயிறு அறுக்க, எங்களுக்குப் பென்சில் சீவ, எல்லாவற்றுக்கும் அதுதான். "உன் அக்காள் பிறந்த 1973இல் சுங்கை ரோட்டில் வாங்கினேன்" என்பார். அம்மா விடமாட்டார். "உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? அது 1978 தீபாவளிப் போனசில் வாங்கியது. எனக்குச் சேலை எடுக்கக் காசு இல்லை என்று சொல்லிவிட்டுக் கத்தி வாங்கி வந்தீர்களே!" என்பார். இந்த வழக்கு எங்கள் வீட்டில் பல தீபாவளிகளுக்கு நடந்தது.

அப்பா காலமான பிறகு கத்தி என் கைக்கு வந்தது. துருப்பிடித்திருந்தது. பாசத்தில் மணல் தாளை எடுத்து, அலகு கண்ணாடி போல் மின்னும் வரை தேய்த்தேன். பக்கத்துப் புளோக்கில் இருந்த பெரியவர் ஒருவர் பழைய கத்திகள் சேர்ப்பவர். பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, துருவோடு சேர்த்து இதன் பிறந்த ஆண்டையும் தேய்த்துவிட்டாயே!" என்றார்.

கத்திக்கும் சாதகம் உண்டு

மடக்குக் கத்தியை முழுவதும் திறந்து, அலகு கைப்பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கேதான் செய்தவர் தம் முத்திரையைக் குத்துவார். கத்தியின் சாதகம் எழுதியிருக்கும் இடம் அந்தக் கால் அங்குலம்தான்.

எங்கள் கத்தி கேஸ் என்ற நிறுவனத்தார் செய்தது. கேஸ் சகோதரர்கள் 1889இல் தங்கள் பெயரில் கத்தி விற்கத் தொடங்கினார்கள். 1905 முதல் அந்த நிறுவனம் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் இயங்கி வருகிறது. 1965க்கு முன் பல ஆண்டுகள் "கேஸ் எக்ஸ் எக்ஸ்" என்று மட்டும் முத்திரை குத்தினார்கள். 1965 முதல் 1969 வரை அதன் கீழே "யு.எஸ்.ஏ." என்று சேர்த்தார்கள். 1970இல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளியைக் குறைத்தார்கள். 1971இல் ஒன்பது, 1972இல் எட்டு என்று குறைந்து 1979இல் ஒரே புள்ளி. 1980இல் எழுத்தின் வடிவத்தை மாற்றி, "எஸ்" எழுத்தை மின்னல் போல வளைத்து, மீண்டும் பத்திலிருந்து தொடங்கினார்கள்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கைப் பாருங்கள். ஏழு புள்ளிகள் என்றால் 1973. ஏழோ அதற்கு மேலோ இருந்தால் அப்பா சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆறோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அப்பா தோற்றார். 1973இல் செய்யாத கத்தியை அந்த ஆண்டில் எப்படி வாங்க முடியும்? இவ்வளவு எளிதான தீர்ப்பை நான் பத்து நிமிடத்தில் மணல் தாளால் அழித்துவிட்டேன். "யு.எஸ்.ஏ." என்பதன் நிழல் தெரிகிறது. புள்ளி ஒன்றுகூட இல்லை.

நல்ல வேளை, அலகின் அடியில் மறுபக்கம் தப்பியது. அங்கே 6254 என்ற எண் இருந்தது. கேஸ் கத்திகளில் முதல் எண் கைப்பிடி எதனால் ஆனது என்று சொல்லும்: 6 என்றால் பள்ளம் செதுக்கிய எலும்பு, 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் நிறச் செயற்கைப் பொருள். இரண்டாவது எண் எத்தனை அலகு என்று சொல்லும். மீதி எண்கள் கத்தியின் அமைப்பு. ஆக, எங்களுடையது எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54ஆம் அமைப்பு. இதற்கு "டிராப்பர்" என்று பெயர். பொறி வைத்து விலங்கு பிடித்துத் தோல் எடுப்பவர்களுக்கான கத்தி. ஓர் அலகு கூர் முனை. மற்றது மழுங்கிய முனை. அந்த வடிவம் கால்நடைக்குக் காயடிக்க ஏற்பட்டது. அதை வைத்து அப்பா எனக்கு மாங்காய் சீவித் தந்திருக்கிறார்!

எலும்பு என்றதும் இன்னொரு செய்தி. இந்நாளில் கேஸ் கத்திகளுக்கு எலும்பு வருவது பிரேசில் நாட்டுச் செபு மாடுகளின் காலிலிருந்து. செபு என்பது திமில் உள்ள நம் இந்திய மாட்டினம். பிரேசிலில் பெருகியிருக்கும் நெல்லூர் மாடுகளின் முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறிப் போனவைதான். நம்மைப் போலவே கடல் கடந்து பிழைத்தவை!

சுங்கை ரோட்டுக்கு எப்படி வந்தது?

தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரோச்சோர் கால்வாய் அருகே, 1930களில் தொடங்கியது சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை. திருட்டுச் சந்தை என்றும் அதற்குப் பெயர். யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்துச் சாமான்கள் அங்கே வந்து குவிந்தன. வியட்நாம் போர் நடந்தபோது அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்காகச் சிங்கப்பூருக்கு வந்து போனார்கள், கப்பல்களும் வந்தன. கையில் காசு தீர்ந்தவன் எதைத்தான் விற்க மாட்டான்? அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அங்கே வாங்கிய பொருள்கள் இன்னும் நம் வீடுகளில் கிடக்கின்றன.

பழைய கத்தி ஒன்று கையில் கிடைத்தால் இவற்றைக் கவனியுங்கள்:

அலகின் அடியில் ஆண்டும், இரும்புப் பிடியில் "யு.எஸ்." என்ற எழுத்தும் இருந்தால் அமெரிக்கப் பட்டாளத்துக் கத்தி. கமில்லஸ் நிறுவனம் இவற்றை ஏராளமாகச் செய்தது. அது 2007இல் மூடப்பட்டது.

மேல்நோக்கிய அம்புக்குறியும் ஆண்டும் இருந்தால் பிரிட்டிஷ் பட்டாளத்து உடைமை. புக்கிட் மேரா பகுதியிலேயே கில்மன் முகாம் இருந்ததால் எங்கள் பக்கம் இவை அதிகம்.

பெரிய இரும்புப் பூணில் "ஆர்" எழுத்தை அம்பு துளைத்திருந்தால் ரசல் பார்லோ. பார்லோ கத்தி முதலில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தது. அமெரிக்காவில் ஏழைச் சிறுவர்களின் கனவானது. மார்க் டுவெய்ன் 1876இல் வெளியிட்ட டாம் சாயர் கதையில், பாடம் ஒப்புவித்ததற்குப் பரிசாக டாமுக்குக் கிடைப்பது பார்லோ கத்திதான்.

"ரெமிங்டன்" என்று இருந்தால் துப்பாக்கி செய்த நிறுவனம். முதல் உலகப் போர் முடிந்து துப்பாக்கி விற்பனை குறைந்ததும், 1920 முதல் ஏறத்தாழ 1940 வரை மடக்குக் கத்தி செய்தது. பிடியில் துப்பாக்கிக் குண்டு வடிவத் தகடு பதித்தவற்றுக்கு மதிப்பு அதிகம். ஆனால் 1982 முதல் அதே மாதிரியில் புதுக் கத்திகளும் வந்தன. அவசரப்பட்டு வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்!

இன்னொன்று. அமெரிக்காவுக்குள் வரும் அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடப்புக்கு வந்தது. ஆகவே அந்தச் சந்தைக்கு அனுப்பிய கத்தியில் "ஜெர்மனி" என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

ஏமாற்றும் உண்டு. அலகு மட்டும் பளபளத்து, பிடியும் வில்லும் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள், அலகை மாற்றியிருக்கலாம். அக்கம்பக்கமெல்லாம் தேய்ந்திருக்க முத்திரை மட்டும் புதிதாகத் தெரிந்தால், பின்னால் குத்தியது. எலும்புப் பிடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய துளைகள் தெரியும், பிளாஸ்டிக்கில் தெரியாது.

காப்பது எப்படி?

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசியை எடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மென்துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். அலகில் படிந்த சாம்பல் கறுப்பு கத்தியின் வயது. அது இரும்பைக் காக்கும். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து மெல்ல எடுங்கள். அலகின் அடிப்பக்கம் போகவே வேண்டாம். தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும். பழைய செலுலாய்டு பிடி போட்ட கத்தியைத் தனியே வையுங்கள். அது கெட்டுப்போகும்போது வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

முக்கியமாக, கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் திரியாதீர்கள். தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குற்றம். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திக்குச் சிங்கப்பூரில் தடையே உண்டு. பிள்ளைகள் கைக்கும் எட்டாமல் வையுங்கள்.

விலை போகுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலான கத்திகள் பெரிய விலை போகா. அதற்காகத் தூக்கி எறியலாமா? தோட்டத்தில் அதிகாலை பெரட்டுக்கு நின்ற தலைமுறை நமக்கு விட்டுப்போன பொருள்கள் எத்தனை? ஒரு வாளி, ஒரு பால்வெட்டுக் கத்தி, லயத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படம். அவற்றில் எழுத்து இருக்கும் பொருள் இன்னும் குறைவு.

ஆகவே இன்று இரவு பெட்டியைத் திறங்கள். கத்தியோ வேறு கருவியோ கிடைத்தால், தேய்ப்பதற்கு முன் முத்திரையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். யாருடையது, எங்கே வாங்கியது, எதற்குப் பயன்பட்டது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக் கத்தியோடு வையுங்கள்.

எங்கள் கத்தியோடும் ஒரு தாள் இருக்கிறது. அதில் "1973, அப்பா சொன்னது" என்றும், அதன் கீழே "1978, அம்மா சொன்னது" என்றும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. அதை நிரப்ப வேண்டிய புள்ளிகள் என் மணல் தாளோடு போய்விட்டன. உங்கள் வீட்டுத் தாளில் அந்த வரி காலியாக இருக்க வேண்டாம்.