ஓய்வின் விளிம்பில் பணிமாற்றம்

தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தம் 58ஆம் அகவையில் மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு மாற்றப்படுகிறார் எனக் கொள்வோம். அவமதிக்கப்பட்டோம் என்னும் உணர்வும் ஓய்வூதியம் குறையுமோ என்னும் அச்சமும் அவருள் ஒருங்கே எழுகின்றன. இவ்விரண்டையும் நாம் பிரித்தே நோக்குதல் வேண்டும்.

மலேசிய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளோர்க்கு, பணிபுரிந்த மாதங்களை இறுதிச் சம்பளத்தால் பெருக்கி 600ஆல் வகுத்து ஓய்வூதியம் கணிக்கப்படுகின்றது. 360 மாதங்களே உச்சவரம்பு. 6,000 ரிங்கிட் பெற்று முப்பதாண்டு நிறைத்தவருக்கு 3,600 ரிங்கிட் கிட்டும். பணிமாற்றத்தால் சில படித்தொகைகள் நின்றுபோகலாம்; அவற்றுள் பெரும்பாலானவை இக்கணக்கில் சேர்வதில்லை. ஆகவே அச்சத்திற்கு இடம் குறைவு.

சினத்தால் எழுதப்படும் விருப்ப ஓய்வு விண்ணப்பமே இழப்பைத் தரவல்லது. உச்சவரம்பை எட்டாதவர் இரண்டாண்டு முன்னதாக விலகின், சம்பளத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை வாழ்நாள் முழுதும் குறையும். எட்டியவருக்கு அவ்விகிதம் குறையாது. இரண்டாண்டுச் சம்பளமும் ஊதிய உயர்வும் பணிக்கொடையில் ஒரு பகுதியுமே இழப்பாகும்.

அவமதிப்பு இக்கணக்குகளுள் அடங்குவதன்று. எனினும் மேல்முறையீட்டில் அதனை எழுதுவதால் பயன் விளையுமென நாம் கருதவில்லை. ஆண்டின் நடுவில் அவ்வகுப்புக்குத் தமிழ் கற்பிக்க எவர் உளர் என்று வினவுவதே தக்கது.